பகோடா: கடலூர், சிதம்பரம் வட்டார வரலாற்றில் ஓர் ஆங்கிலச் சொல்

பகோடா என்பது ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் தரும் சொல். இந்துக் கோயில், கோயிலில் உள்ள தெய்வ உருவம், தென்னிந்தியாவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை செலாவணியில் இருந்த தங்க நாணயம் ஆகிய மூன்றையும் அது குறித்தது. பர்மா, சீனம், ஜப்பான் நாடுகளில் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் பௌத்தக் கட்டடத்திற்கும் அதுவே பெயர். இன்றைய ஆங்கிலத்தில் நிலைத்திருப்பது இந்தக் கடைசிப் பொருள் மட்டுமே. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையில் எழுதப்பட்ட ஆங்கில, பிரெஞ்சு ஆவணங்களில் முதல் மூன்று பொருள்களும் கலந்தே வருகின்றன. கடலூரும் சிதம்பரமும் பரங்கிப்பேட்டையும் அடங்கிய நிலப்பகுதியின் பழைய வரலாற்றைப் படிக்க விரும்பும் மாணவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்களில் இது ஒன்று. ஒரே பக்கத்தில் 'பகோடாவைப் பிடித்தார்கள்' என்றும் 'இத்தனை பகோடா கொடுத்தார்கள்' என்றும் வரும். முதலாவது கோயில், இரண்டாவது பணம்.

தேநீர்க் கடையில் வெங்காயம் போட்டுப் பொரித்துத் தரும் பக்கோடாவுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ஒலி ஒற்றுமை தற்செயலானது. ஆனாலும் பழைய ஆவணம் ஒன்றைக் கணினி கொண்டு மொழிபெயர்க்கும்போது 'நவாபு ஆயிரம் பக்கோடா கொடுத்தார்' என்று வந்து நிற்கக்கூடும். அதைக் கண்டு சிரிப்பதோடு நிறுத்திவிடாமல், அந்த இடத்தில் இருந்த தமிழ்ச் சொல் என்ன என்று தேடினால் பயன் உண்டு.

சொல்லின் பிறப்பு

ஆங்கிலேயர் இச்சொல்லைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பெற்றனர். போர்த்துக்கீசிய வடிவம் 'பகோடே'. 1516 அளவில் எழுதப்பட்ட துவார்த்தே பர்போசாவின் மலையாளக் கரை பற்றிய நூலில் இச்சொல் வருகிறது. ஆங்கிலத்தில் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுழைந்தது. இதுவரை கருத்து வேறுபாடு இல்லை. போர்த்துக்கீசியருக்கு அது எங்கிருந்து கிடைத்தது என்பதில்தான் வழக்கு.

பாரசீகத்தில் 'புத்கதா' என்றால் சிலை இருக்கும் வீடு. 'புத்' என்பது சிலை, 'கதா' என்பது வீடு. இந்தியத் துறைமுகங்களில் வணிகம் செய்த முஸ்லிம் வணிகரிடமிருந்து போர்த்துக்கீசியர் இதைக் கேட்டிருக்கலாம் என்பது ஒரு கருத்து. வடமொழி 'பகவத்', 'பகவதி' என்னும் சொற்களிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. மலையாளக் கரையில் ஊருக்கு ஊர் பகவதி கோயில் உண்டு. தமிழிலும் பகவதி என்ற பெயர் பழகியதே. இலங்கையில் தூபியைக் குறிக்கும் 'தாகப' என்ற சிங்களச் சொல்லின் எழுத்துகள் இடம் மாறிப் பகோடா ஆயிற்று என்பது மூன்றாவது. அச்சிங்களச் சொல் 'தாதுகர்ப்பம்' என்பதன் திரிபு. சீனச் சொல் ஒன்றிலிருந்து வந்தது என்று சொன்னவர்களும் உண்டு.

கடைசி இரண்டும் காலக்கணக்கில் பொருந்தி வரவில்லை. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டிற்கு வந்தது 1498-இல். இலங்கைக்குப் போர்த்துக்கீசியர் போனது அதன் பிறகு. சீனக் கரையைத் தொட்டது 1513 அளவில். மலையாள நாட்டுக் கோயில்களை எழுதும் ஒருவர் 1516-இலேயே இச்சொல்லைப் பழகிய சொல்லாகக் கையாளும்போது, அது அந்தக் கரையிலேயே காதில் விழுந்தது என்று கொள்வதே இயல்பு. புத்கதாவும் பகவதியும் ஒன்றோடொன்று கலந்திருக்கவும் இடமுண்டு. கேட்டவர்களுக்குப் பாரசீகமும் தெரியாது, மலையாளமும் தெரியாது. தாங்கள் நுழைந்த முதல் கோயிலையே கிறித்தவ ஆலயம் என்று எண்ணி வணங்கிய மாலுமிகள் அவர்கள். ஆனால் பகோடா என்பது கட்டடத்தை மட்டுமல்லாமல் உள்ளிருக்கும் தெய்வ உருவத்தையும் தொடக்கத்திலிருந்தே குறித்து வந்தது. 'சிலை வீடு' என்ற பொருளிலிருந்து சிலைக்குப் போவதைக் காட்டிலும், பகவதி என்ற தெய்வப் பெயரிலிருந்து சிலைக்கும் அதன் கோயிலுக்கும் போவது எளிது. ஆகவே பகவதிப் பக்கமே சான்று சற்றுக் கனக்கிறது.

இந்த வழக்கை முதலில் விரிவாக ஆராய்ந்த நூல்களுள் 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் முதன்மையானது. ஆங்கிலத்தில் கலந்த இந்தியச் சொற்களுக்கான அகராதி அது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான ஆர்தர் கோக் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகால் நூலகத்து வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவரும் அவரே. அகராதி அச்சாகி வருமுன் 1882-இல் அவர் இறந்துவிட்டார். மற்றவரான ஹென்றி யூல் வேலையை முடித்தார்.

தெய்வ உருவம் நாணயமான கதை

கோயிலின் பெயர் நாணயத்திற்கு வந்ததில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. விசயநகர மன்னர்கள் வெளியிட்ட தங்க நாணயங்களில் தெய்வ உருவங்கள் பொறிக்கப்பட்டன. உமாமகேசுவரர், இலட்சுமி நாராயணர், பாலகிருட்டினர், வேங்கடேசுவரர் என ஆட்சிக்கு ஆட்சி உருவம் மாறியது. எடை ஏறத்தாழ 3.4 கிராம். உருவத்தைப் பகோடா என்று அழைத்துப் பழகிய வெளிநாட்டு வணிகர்கள், அது பொறித்த காசையும் பகோடா என்றனர்.

நாட்டு மக்கள் அதை அப்படி அழைக்கவில்லை. தமிழில் அது வராகன். பொன் என்றும் சொல்வர். கன்னடத்தில் ஹொன்னு, முகமதியர் ஆவணங்களில் ஹூண். வராகன் என்னும் பெயர் சாளுக்கியரின் பன்றி முத்திரையிலிருந்து வந்தது. பன்றி முத்திரை மறைந்து, சிவனும் திருமாலும் நாணயத்தில் அமர்ந்த பிறகும் பெயர் மட்டும் போகவில்லை. கடலூர் மாவட்டத்துத் திருமுட்டத்தில் கோயில் கொண்டிருக்கும் பூவராகப் பெருமாளுக்கும் இந்த நாணயத்திற்கும் நேரடித் தொடர்பு சொல்ல இயலாது. ஆயினும் அந்தப் பெயர் ஒலி பின்னால் ஒரு நாணயத்தில் மீண்டும் வரும்.

கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைக் கணக்குகள் வராகன், பணம், காசு என்ற மூன்று பத்திகளில் எழுதப்பட்டன. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. கும்பினிக் கணக்கில் இது நிலையான வீதம். கடைத்தெருவில் சராப்புகள் சொல்லும் வீதம் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஆங்கில ஏட்டில் இம்மூன்றும் பகோடா, ஃபனம், கேஷ் என்று இருக்கும். ஃபனம் என்பது பணம், கேஷ் என்பது காசு.

இங்கே ஒரு தவறான செய்தியையும் திருத்திக்கொள்ளலாம். ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான கேஷ் தமிழ்க் காசிலிருந்து பிறந்தது என்று பலர் எழுதுகின்றனர். பெட்டி என்று பொருள்படும் இலத்தீன் சொல் இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்து ரொக்கத்தைக் குறிக்கலாயிற்று. தென்னிந்தியாவிலும் சீனத்திலும் வழங்கிய சிறு செப்பு நாணயத்தின் பெயரான கேஷ் வேறு சொல். அதுதான் நம் காசு. போர்த்துக்கீசியர் வாய் வழியாக ஆங்கிலத்திற்குப் போனது. எழுத்தும் ஒலியும் ஒன்றாகிவிட்டதால் இரண்டு சொற்களும் ஒன்று போலத் தோன்றுகின்றன. கும்பினியின் மூன்றாம் பத்தியில் இருப்பது தமிழ்க் காசு என்ற அளவில் பெருமைப்பட்டுக்கொள்வதில் தவறில்லை.

பரங்கிப்பேட்டை வராகன்

வராகன் என்றால் ஒரே நாணயம் அல்ல. எந்த ஊர்த் தங்கசாலை, எந்த அரசரின் அனுமதி, எத்தனை மாற்றுத் தங்கம் என்பதைப் பொறுத்து மதிப்பு மாறும். சென்னையில் ஆங்கிலேயர் அடித்தது ஒருவகை. அதில் வேங்கடேசுவரர் இரு தேவியரோடு நிற்பார். ஐரோப்பியர் அதை மூன்று சாமி வராகன் என்றனர். ஒல்லாந்தர் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் அடித்தது வேறுவகை. பின்புறத்தில் நட்சத்திரம் பொறித்த நட்சத்திர வராகன் 18-ஆம் நூற்றாண்டில் சென்னை வட்டாரத்தின் முதன்மை நாணயமாயிற்று.

வெள்ளாறு கடலில் கலக்குமிடத்தில் உள்ள பரங்கிப்பேட்டையின் பெயரிலும் ஒரு வராகன் இருந்தது. போர்த்துக்கீசியர் அவ்வூருக்கு இட்ட பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதுத் துறைமுகம். ஆங்கில ஏடுகள் 'போர்ட்டோ நோவோ பகோடா' என்று குறிப்பது அவ்வூர் வராகனையே. தங்கத்தின் மாற்று நட்சத்திர வராகனைவிடக் குறைவு. எனவே மதிப்பும் குறைவு. மேலே தெய்வ உருவம், பின்னால் புள்ளிகள் நிறைந்த மேடு; பார்வைக்கு இரண்டும் உறவுக்காரர்கள் போல இருக்கும். உரைகல்லில் தேய்த்துப் பார்க்கத் தெரிந்த சராப்புக்கு மட்டுமே எது எவ்வளவு என்பது வெளிச்சம். ஆகையால் பழைய ஒப்பந்தங்களிலும் கடன் பத்திரங்களிலும் 'இத்தனை வராகன்' என்று எழுதினால் போதாது. எந்த வராகன் என்றும் எழுத வேண்டும். ஆவணங்களிலிருந்து தொகைகளை எடுத்துக் கூட்டிக் கழிப்பவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் கணக்கு பிசகும்.

பரங்கிப்பேட்டையைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் உண்டு. அதே ஊரின் பெயரோடு சேர்ந்து, பக்கத்து ஊரான சிதம்பரத்தின் பகோடாவும் அதே ஆவணங்களில் வருகிறது. அது நாணயம் அல்ல. ஏறத்தாழ 40 ஏக்கரில் விரிந்த நடராசர் கோயில்.

கோயில் கோட்டையானபோது

சைவ வழக்கில் கோயில் என்று மட்டும் சொன்னால் அது சிதம்பரம். வைணவ வழக்கில் அதே சொல் திருவரங்கத்தைக் குறிக்கும். அடைமொழி எதுவும் தேவையில்லாமல் பொதுச்சொல்லே ஓர் ஊருக்குச் சிறப்புப் பெயராக நின்ற இடம் இது. ஆங்கிலேயரின் போர்க்குறிப்புகளில் அது 'சில்லம்ப்ரம் பகோடா'. வழியில் எதிர்ப்படும் நூற்றுக்கணக்கான பகோடாக்களில் இதுவும் ஒன்று. 18-ஆம் நூற்றாண்டில் அவர்கள் அதைப் பார்த்த கண்ணும் வேறு.

கடலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் சிதம்பரம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். கடலூரிலிருந்து தஞ்சாவூர் நாட்டுக்குப் போகும் படை இவ்வழியாகத்தான் போக வேண்டும். அந்த வழியில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கல் மதில்கள். மதிலின் நான்கு பக்கமும் ஏழுநிலைக் கோபுரங்கள். கோபுரத்தின் அடியில் அடைத்துவிடக் கூடிய வாயில். மேலே ஏறினால் பல கல் தொலைவு தெரியும். உள்ளே ஆயிரங்கால் மண்டபம் உண்டு, நெல்லும் வெடிமருந்தும் வைக்கலாம். சிவகங்கைக் குளத்தில் தண்ணீர் உண்டு. படைத்தலைவன் ஒருவன் புதிதாகக் கோட்டை கட்டினாலும் இவ்வளவு வசதியாகக் கட்டியிருக்க மாட்டான். கருநாடகப் போர்களில் இப்பகுதியின் பெருங்கோயில்கள் எல்லாம் இப்படித்தான் கண்ணில் பட்டன. பண்ணுருட்டியை அடுத்த திருவதிகைக் கோயிலைப் பிரெஞ்சுப் படை 1750-இல் கைப்பற்றியது. ஆங்கில நூல்களில் அது 'திருவாடி பகோடா'. திருவரங்கம் தீவிலுள்ள கோயில்களுக்குள் ஒதுங்கிய பிரெஞ்சுப் படை 1752-இல் அங்கேயே சரணடைந்தது.

சிதம்பரம் கோயிலைப் பிரெஞ்சுக்காரர் 1753-இல் பிடித்தனர். 1760-இல் ஆங்கிலத் தளபதி மான்சனிடம் அது கைமாறியது. பிறகு மைசூரின் ஐதர் அலி கருநாடகத்தின் மீது படையெடுத்தபோது கோயிலின் அரணை வலுப்படுத்திப் படை ஒன்றை உள்ளே நிறுத்தினார். 1781 ஜூன் மாதம் சர் அயர் கூட் கடலூர்ப் பக்கமிருந்து வந்து இரவில் தாக்கினார். ஊருக்குள் நுழைந்து மதிலை நெருங்கிய ஆங்கிலப் படை, கோயிலைப் பிடிக்க முடியாமல் இழப்போடு பின்வாங்கியது. கூட் பரங்கிப்பேட்டைக்குத் திரும்பினார். ஐதர் அலி விரைந்து வந்து அவருக்கும் கடலூருக்கும் நடுவே நின்றார். 1781 ஜூலை 1-ஆம் நாள் பரங்கிப்பேட்டைப் போர் நடந்தது. அதில் ஐதர் தோற்றார். சிதம்பரத்தில் கூட் தோற்றதும் பரங்கிப்பேட்டையில் வென்றதும் இரண்டு வாரத்துக்குள் நடந்தவை. பள்ளிப் பாடத்தில் பின்னது இருக்கும். முன்னது பெரும்பாலும் இருக்காது.

இந்நிகழ்ச்சியை ஆங்கிலத்தில் படிப்பவருக்கு 'பகோடா மீது தாக்குதல்' என்று வரும். தமிழாக்கும்போது சிலர் கோட்டை என்று எழுதிவிடுகின்றனர். பொருள் ஓரளவு சரிதான். உள்ளே பீரங்கியும் படையும் இருந்தன. ஆனால் கோட்டை என்றதும் அது அரசன் கட்டிய ஏதோ ஓர் அரண் என்று மாணவர் எண்ணிக்கொள்வார். அன்றாடம் பூசை நடக்க வேண்டிய இடத்தில் வெடிமருந்து வைக்கப்பட்டது, அதைக் குறிவைத்துத் துப்பாக்கி சுடப்பட்டது என்ற செய்தி அந்த மொழிபெயர்ப்பில் காணாமல் போகும். அங்கே 'சிதம்பரம் கோயில்' என்றே எழுதுவதுதான் முறை. முந்தைய நூற்றாண்டிலும் இக்கோயிலுக்குப் போர்க்காலத் துன்பம் இருந்தது. 1648-இல் வெளியே கொண்டு செல்லப்பட்ட நடராசர் திருமேனி 1686-இல்தான் சிதம்பரத்துக்குத் திரும்பியது என்பதைச் செப்பேடுகள் சொல்கின்றன.

கடலில் போகிறவர்களுக்குப் பகோடா மூன்றாவது பயன் தந்தது. சோழமண்டலக் கரை தட்டையானது. மலையோ முனையோ இல்லை. மாலுமிகள் கரையில் உயர்ந்து தெரியும் கோபுரங்களைக் கொண்டே தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அறிந்தனர். மாமல்லபுரத்துக்கு 'ஏழு பகோடா' என்ற பெயர் கப்பலோட்டிகள் வாய்மொழியாகவே பரவியது. ஒடிசாவின் கோனார்க் கோயில் 'கறுப்புப் பகோடா', பூரிக் கோயில் 'வெள்ளைப் பகோடா'. நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தின் எச்சமாக நின்ற செங்கல் கோபுரத்தை ஐரோப்பியர் 'சீனப் பகோடா' என்றனர். அது 1867-இல் இடிக்கப்பட்டது. சிதம்பரத்தின் நான்கு கோபுரங்களும் தெற்கு நோக்கிச் செல்லும் கப்பலுக்கு இத்தகைய அடையாளமே. அவற்றுள் வடக்குக் கோபுரத்தை எழுப்பியவர் கிருட்டிண தேவராயர்.

கடலூர் ஏடுகளும் ஆனந்தரங்கப் பிள்ளையும்

தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கும்பினி 1690-இல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. பீரங்கியிலிருந்து நான்கு திசையிலும் குண்டு சுட்டு, அது விழுந்த எல்லை வரையுள்ள ஊர்களும் கோட்டையோடு சேர்ந்தவை என்று கொண்டனர். அவ்வூர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். கடலூரின் குண்டு சாலை இன்றும் அந்தப் பெயரைத் தாங்கியிருக்கிறது. கோட்டைக்கு இட்ட பெயர் செயின்ட் டேவிட். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்கு இதுவே தலைமையிடம். 1758-இல் லாலி அதைப் பிடித்து அரண்களைத் தகர்த்தார். இன்று கெடிலத்தின் கரையோரம் எஞ்சியிருப்பது கொஞ்சம்தான்.

கோட்டையின் ஆலோசனைக் குறிப்புகள் பிழைத்தன. சென்னை ஆவணக் காப்பகம் அவற்றை அச்சிட்டு வெளியிட்டது. நெசவாளர்களுக்கு முன்பணம், சிப்பாய்களுக்குச் சம்பளம், துணி மூட்டைக்கு விலை எல்லாம் அவற்றில் பகோடாவில் இருக்கும். கோயில் நிலம், கோயில் ஊழியர், கோயில் வழக்கு என்று வருமிடங்களிலும் பகோடா நிலம், பகோடா ஊழியர் என்று வரும். பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு: முன்னால் எண் நின்று, பின்னால் பணம், காசு என்று பத்தி தொடர்ந்தால் அது நாணயம், ஊர்ப் பெயரோ மதிலோ வாயிலோ வந்தால் அது கோயில். இரண்டும் பொருந்தாத சில இடங்களும் அகப்படும். அங்கே முன்பின் பக்கங்களைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆங்கில ஏடுகளின் மறுபக்கத்தைக் காட்டும் தமிழ்ச் சான்று கடலூருக்கு வடக்கே, கூப்பிடு தொலைவு என்று சொல்லத்தக்க புதுச்சேரியில் கிடைக்கிறது. துய்ப்ளேயின் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது. ஆங்கிலத் தொகுதிகளில் பக்கத்துக்குப் பக்கம் பகோடா என்று வரும் தொகைகள், பிள்ளையின் தமிழில் வராகன். 1748-இல் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதைப் பிள்ளை மனம் நொந்து எழுதுகிறார். அதே கட்டடம் பிரெஞ்சுக்காரர் வாயில் 'பகோட்'. கோயிலை இடிக்கச் சொன்னவர்களும், இடிந்ததைப் பார்த்து நின்றவர்களும் வேறு வேறு சொற்களில் அதே கட்டடத்தைப் பேசினார்கள். நாணயத்துக்கும் கோயிலுக்கும் வெளிநாட்டார் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு நூற்றாண்டு சமாளித்திருக்க, இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளைக்கு அந்தச் சொல் தேவைப்படவே இல்லை. தமிழ் அதை ஒருபோதும் கடன் வாங்கவும் இல்லை.

காசில் ஏறிய கோபுரம்

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. சென்னைத் தங்கசாலையில் இயந்திரம் கொண்டு நாணயம் அடிக்கும் முறை வந்தது. 1807-08 அளவில் ஒரு வராகன், இரண்டு வராகன் தங்க நாணயங்களும், அரை வராகன், கால் வராகன் வெள்ளி நாணயங்களும் வெளியாயின. ஒரு பக்கம் தாமரைமேல் எழும் திருமால். மறுபக்கம், சுற்றிலும் நட்சத்திரங்கள் சூழ ஒரு கோயில் கோபுரம். ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துகள்.

அதற்கு முன் தெய்வ உருவம் பொறித்த நாணயமே பகோடா. இப்போது பகோடா என்ற பெயருக்கு ஏற்ற கோபுரமும் அதில் ஏறிவிட்டது. பெயரின் இரண்டு பொருளும் ஒரே வட்டத் தகட்டில் சந்தித்தன. ஆங்கில எழுத்தைப் படிப்பவருக்குக் கோபுரமும் பெயரும் ஒன்றையொன்று விளக்கும். தமிழ் எழுத்தைப் படிப்பவருக்கு விளங்காது. அங்கே எழுதியிருப்பது பூவராகன். ஆங்கிலேயர் நட்சத்திரம் என்று கண்டதை நம்மவர்கள் பூ என்று கண்டார்கள். பாரசீக எழுத்திலும் பூவைக் குறிக்கும் சொல்லே இருந்தது. திருமுட்டத்துப் பெருமாளின் பெயரும் இந்தக் காசின் பெயரும் இவ்வாறு ஒலியில் ஒன்றாகிவிட்டன. ஒன்று பூமியைத் தாங்கிய வராகம், மற்றொன்று பூ பொறித்த வராகன்.

அந்த நாணயம் நெடுநாள் வாழவில்லை. 1818-இல் சென்னை மாகாணம் ரூபாய்க் கணக்குக்கு மாறியது. 100 நட்சத்திர வராகனுக்கு 350 ரூபாய் என்று வீதம் வைத்தனர். பழைய கடன், பழைய குத்தகை, கோயில்களுக்கும் சத்திரங்களுக்கும் பழைய மானியம் எல்லாவற்றையும் மூன்றரையால் பெருக்கி எழுத வேண்டியதாயிற்று.

மரமும் தோட்டமும்

ஆங்கிலேயருக்கு வராகன் எவ்வளவு இனித்தது என்பதை அவர்களின் ஒரு வழக்கு காட்டும். இந்தியாவுக்குப் போய்க் குறுகிய காலத்தில் பணம் குவித்து ஊர் திரும்புவதைப் 'பகோடா மரத்தை உலுக்குதல்' என்றனர். உலுக்கினால் தங்கக் காசு உதிரும் மரம் என்பது கற்பனை. ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தும், வரி வசூலை அடகு வாங்கியும் கும்பினி ஊழியர்கள் சேர்த்த பணத்தை எட்மண்ட் பர்க் 1785-இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் கடுமையாகப் பேசினார். மரம் உலுக்கப்பட்டபோது உதிர்ந்தது தென்னாற்காடு உள்ளிட்ட நாட்டு உழவர்களின் வரி. உண்மையாகவே பகோடா மரம் என்று ஆங்கிலப் பெயர் கொண்ட மரங்களும் உண்டு. கோயில் நந்தவனத்தில் வெள்ளைப் பூ உதிர்க்கும் ஈழத்தலரி அவற்றுள் ஒன்று. அதற்குக் காரணம் கோயில், காசு அல்ல.

இலண்டனின் கியூ தோட்டத்தில் 1762-இல் வில்லியம் சேம்பர்ஸ் சீனப் பாணியில் பத்து அடுக்குக் கோபுரம் ஒன்றைக் கட்டினார். ஆங்கிலேயர் மனத்தில் பகோடா என்றவுடன் எழும் உருவம் மெல்லமெல்ல அதுவாயிற்று. பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்த பின் ரங்கூனின் சுவேதகோன் அதை உறுதி செய்தது. இந்தியக் கோயிலுக்கு டெம்பிள் என்ற சொல் நிலைத்தது. 1906-இல் வெளிவந்த பிரான்சிசின் தென்னாற்காடு மாவட்டக் கெசட்டியர் சிதம்பரத்தை எழுதும் காலத்தில் பகோடா பழைய வாடை வீசும் சொல்லாகிவிட்டது.

வராகன் மட்டும் கடைத்தெருவை விட்டுப் போன பிறகும் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தங்கமும் மருந்துச் சரக்கும் நிறுக்கும் பழைய வாய்பாட்டில் 10 வராகன் எடை ஒரு பலம், 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை. பலம் ஏறத்தாழ 35 கிராம். ஒரு வராகன் எடை மூன்றரைக் கிராம் அளவு. விசயநகரத்துத் தங்க நாணயத்தின் எடைக்கு மிக அருகில் வரும் அளவு இது. சித்த மருத்துவ நூல்களில் சுக்கு இத்தனை வராகன் எடை, திப்பிலி இத்தனை வராகன் எடை என்று இன்றும் படிக்கலாம்.